அக்காவிடம் சொல்லக் கூடாத நிறம்

உயிஹா தீவு, டோங்கா
6 ஆகஸ்ட் 1979

ஆக்லாந்தில் இருக்கும் என் மெலெனாயிட்டே அக்காவுக்கு,

உங்கள் தம்பி பெனிசிமானி சொல்லச் சொல்ல நம் சபைப் போதகர் எழுதுகிறார். கர்த்தர் என்னை இன்னும் கூப்பிடவில்லை. உங்களையும் கூப்பிட்டிருக்க மாட்டார், அவருக்கும் பயம் இருக்கும்.

என் மகன் கிட்டியோனேக்கு உங்கள் வீட்டில் பெண் பிறந்த செய்தியும், நீங்கள் அவளுக்குக் கலோலைனி என்று பெயர் வைத்த செய்தியும் வந்தன. பெயர் வைப்பது அத்தையின் உரிமை. நல்ல பெயர். இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் எனக்கும் ஆசை.

நேற்று என் மருமகள் சேயினியின் தாய் கொல்லைப்பக்கமாக வந்தாள். என்றைக்கும் வாசல் வழியாக, இடுப்புப்பாய் கட்டிக்கொண்டு, மரியாதையாக வருகிற சம்பந்தியம்மாள். மகள் எழுதிய காகிதத்தை வாசித்துக் காட்டினாள். அதில் உள்ளதைத் தம்பி அக்காவிடம் பேசக் கூடாது. அக்கா இருக்கும் கூரையின் கீழ் உடம்புச் சமாசாரம் எதுவும் தம்பி வாயில் வரக் கூடாது என்றுதானே நம்மை வளர்த்தார்கள். அறுபத்தொரு வருடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன். இன்றைக்கு முடியவில்லை.

நான் ஒரு சொல் சொன்னேன். போதகர் பேனாவை மூடிவிட்டார்.

"பெனிசிமானி, இந்தப் பேனாவாலதான் நான் பிரசங்கம் எழுதறேன்."

"பிரசங்கத்துல பச்சைப்பிள்ளை வரும்தானே?"

"பிள்ளை வரும். பிள்ளைகிட்டயிருந்து வர்றது வராது."

அரை மணி நேரம் வாதாடி, 'கழிவு' என்று எழுதச் சம்மதித்தார்.

அக்கா, குழந்தையின் கழிவு வெளுத்துவிட்டதாம். மஞ்சளாக இருந்தது, நாளுக்கு நாள் நிறம் இறங்கி, இப்போது தோல் சீவிய மரவள்ளிக்கிழங்கு போல இருக்கிறதாம். மூத்திரம் படும் துணியில் தேயிலைக் கறை பிடிக்கிறதாம். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சேயினி சொன்னதற்கு நீங்கள் தேவையில்லை என்றீர்களாம்.

தரையில் உட்கார்ந்து கேட்கிறேன். கூட்டிக்கொண்டு போங்கள். ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி
பெனிசிமானி (கைரேகை)

*

மாங்கெரே, ஆக்லாந்து
14 ஆகஸ்ட் 1979

தம்பி பெனிசிமானி,

உன் கடிதம் வந்தபோது சபைப் பெண்கள் ஆறு பேர் என் வீட்டில் பாய் முடைந்துகொண்டிருந்தார்கள். ஊர்ச் சமாசாரம் கேட்க எல்லோருக்கும் ஆசை. நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். கொல்லைப்பக்கமாகச் சம்பந்தியம்மாள் வந்தாள் என்ற இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. இருமல் வந்தவள் போல எழுந்து உள்ளே போய் மீதியைத் தனியாக வாசித்தேன். வெளியே வந்தபோது என் முகத்தைப் பார்த்து, "ஊர்ல யாராவது செத்துட்டாங்களா?" என்றார்கள். ஆமாம், என் தம்பியின் வெட்கம் செத்துவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதையும் ஒரு போதகர் கையால் எழுத வைத்திருக்கிறாய்.

இனி நான் சொல்வதைக் கேள். குழந்தை பிறந்தபோது அவள் கழித்தது தார் போலக் கறுப்பு. மூன்றாம் நாள் கரும்பச்சை. உடனே உன் மருமகள் அழுதுகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றாள். அவளுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் கூடப் போனேன். டாக்டர் சிரித்தார். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு முதலில் கறுப்பு, பிறகு பச்சை, பிறகு கடுகு அரைத்தது போல மஞ்சள், நடுவில் ஒருநாள் மறுபடி பச்சை, ஒருநாள் ஏழு தரம், பிறகு நான்கு நாள் ஒன்றுமே இல்லை, எல்லாம் சரிதான் என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வெள்ளைக்கார டாக்டர் முன்னால், நம் வீட்டுப் பெண் பச்சையைப் பார்த்து அழுகிறவள் என்று தலை குனிந்து நின்றேன்.

இப்போது நிறம் இன்னும் வெளுத்திருக்கிறது. அதனால் என்ன? பாலைத் தவிர வேறொன்றும் குடிக்காத பிள்ளை. பால் என்ன நிறம்? நிறம் மாறும் என்று டாக்டரே சொன்ன பிறகு மாறியதற்காக மறுபடி போய் நிற்கச் சொல்கிறாயா?

வீடு வீடாக வரும் நர்ஸ் வந்தாள். எடை ஏறியிருந்தது. "எல்லாம் சரியா இருக்கா?" என்றாள். சரி என்றேன். சேயினி வாயைத் திறக்கப் பார்த்தாள். நான் திரும்பிப் பார்த்தேன், மூடிக்கொண்டாள்.

குழந்தை பொன்னிறமாக இருக்கிறாள். கண்ணில்கூடப் பொன் ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லாம் ராஜவம்சத்து நிறம் என்கிறார்கள். கிட்டியோனேக்கு நான் அத்தை. இந்த வீட்டில் என் சொல்லுக்கு மேல் சொல் இல்லை, அவனைப் பெற்ற உனக்கும் இல்லை. இதைப் பற்றி இன்னொரு வரி எழுதினால் எனக்குத் தம்பி இல்லை என்று வைத்துக்கொள்வேன்.

மெலெனாயிட்டே

*

உயிஹா தீவு
23 ஆகஸ்ட் 1979

அக்கா,

இன்னொரு வரி அல்ல, இரண்டு பக்கம் எழுதுகிறேன். போதகர் மறுத்துவிட்டார். கொப்பரைக் கொட்டகையில் எடை போடும் ஃபெலேட்டி எழுதுகிறான். "நீங்க எந்தச் சொல்லைச் சொன்னாலும் எழுதறேன் பெரியவரே, கொப்பரையில நான் பாக்காத நிறமா?" என்று உட்கார்ந்திருக்கிறான். ஆகவே இனி கழிவு இல்லை. பீ. பிள்ளையின் பீ. எழுதினாயா ஃபெலேட்டி? எழுதிவிட்டான்.

என் மூத்த மகள் லோசேயை நினைவிருக்கிறதா? 1948, மார்ச் மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை, கொப்பரைக் கப்பல் பாறையில் ஏறி நின்ற அன்று மத்தியானம் பிறந்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. எழுதி வைத்துவிட்டு மறந்துபோகிற வசதி எனக்குக் கிடையாது. முதல் இரண்டு நாள் கறுப்பு. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் பச்சை. ஐந்தாம் நாளிலிருந்து மஞ்சள். உங்கள் டாக்டர் சொன்னது அத்தனையும் நான் கண்ணால் பார்த்தது, அத்தனையும் உண்மை. பத்தொன்பதாம் நாள் மஞ்சள் மங்கியது. இருபத்தைந்தில் முற்றின தேங்காய்ப் பருப்பு போல ஆனது. முப்பதில் மரவள்ளி. நாற்பதில், கல்லறை மேல் நாம் பரப்புகிற வெள்ளைப் பவள மணல் போல. பாலின் நிறம் என்று என் மனைவி அமேலியாவும் சொன்னாள். பொன்னான பிள்ளை என்று ஊரே சொன்னது. கண்ணில் பொன் ஓடுகிறது என்று நீங்கள் எழுதிய வரியை ஃபெலேட்டி வாசித்தபோது நான் எழுந்து கொட்டகைக்கு வெளியே போய்விட்டேன்.

எடை முதலில் ஏறத்தான் ஏறியது. பிறகு வயிறு மட்டும் ஏறியது. உடம்பெல்லாம் அரிப்பு. தன் முகத்தைத் தானே கீறிக்கொள்வாள், கையில் துணி சுற்றி வைத்திருந்தோம். ஏழாம் மாதம், அக்டோபர், வெள்ளிக்கிழமை போய்விட்டாள்.

நீங்கள் தலைநகர் நுகுஅலோஃபாவிலிருந்து சாவுக்கான பாய்களோடு வந்தீர்கள். அத்தையின் உரிமைப்படி தலைமாட்டில் உட்கார்ந்தீர்கள். "பிள்ளைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன்? காய்ச்சல் என்றேன். அமேலியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். வேறு என்ன சொல்ல? அக்காவிடம் பீயைப் பற்றியா பேசுவது? ஒரு நாள் காய்ச்சல்கூட அவளுக்கு வந்ததில்லை.

முந்தின கடிதம் போட்ட மறுவாரமே படகேறி பாங்காய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தநீர் போகிற வழி அடைத்துக்கொள்கிறதாம். பீக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். அது குடலுக்கு வராவிட்டால் வெள்ளை. உள்ளேயே தேங்கினால் தோலும் கண்ணும் மஞ்சள். தங்கமும் இல்லை, ராஜவம்சமும் இல்லை. "முன்னாடி கையை விரிச்சோம். இப்ப பெரிய ஊர்ல அறுத்து வழி பண்றாங்க. ஆனா அறுபது நாளுக்குள்ள பண்ணணும், அப்புறம் ஈரல் கெட்டுப்போகும்" என்றார் டாக்டர்.

அக்கா பதில் எழுதட்டும் என்று மரியாதைக்குக் காத்திருந்தேன். எட்டு நாள் போயிற்று. நீங்கள் எழுதியனுப்பியது, பால் என்ன நிறம் என்று. பிள்ளை பெற்றவள் எழுதுகிற வரியா அது? உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பெற்றதில்லை.

கலோலைனிக்கு இன்று ஐம்பத்தொன்றாம் நாள். இந்தக் கடிதம் போய்ச் சேரும் வரை உட்கார்ந்திருக்க மாட்டேன். சனிக்கிழமை பாங்காயிலிருந்து ரேடியோ தொலைபேசியில் பேசுவேன். ரேடியோப் பெட்டி வைத்திருக்கிறவன் எல்லாம் அதைக் கேட்பான். கேட்கட்டும்.

பெனிசிமானி

*

மாங்கெரே
27 ஆகஸ்ட் 1979

பெனிசிமானி,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மணி அடித்தது. கிட்டியோனே எடுத்தான். அப்பா என்றான், முகம் வெளுத்தது, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான். நான் காதில் வைத்தேன். அறுபத்தொரு வருடமாக என் முன்னால் குரல் உயர்த்தாதவன் நீ. அத்தனை கடலையும் தாண்டி நீ கத்திய முதல் வாக்கியம் என்ன?

"அக்கா! பிள்ளை பீ இன்னும் வெள்ளையாத்தான் இருக்கா, இல்லையா? ஓவர்!"

ஓவராம்!

பின்னால் யாரோ சிரிப்பதும் கேட்டது. நான் ரிசீவரை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது, எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில், அந்தச் சபை இந்தச் சபை என்று இல்லை, எல்லா டோங்காக்காரர்களும் என்னைப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்கிறார்கள். வாவாவு தீவில் இருக்கிற யாரோ கேட்டுவிட்டு இங்கே இருக்கும் கொழுந்தனுக்குச் சொல்லியிருக்கிறான்.

இதற்கே நான் செத்திருக்க வேண்டும். இன்னும் இருக்கிறது. நீ கத்தியது சமையலறை வாசலில் நின்ற சேயினியின் காதில் விழுந்துவிட்டது. அரை மணி கழித்துப் பார்த்தால் வீட்டில் அவளும் இல்லை, குழந்தையும் இல்லை. சட்டை மாற்றாமல், வீட்டுச் செருப்போடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். கையில் என்ன கொண்டுபோனாள் தெரியுமா? குழந்தையின் அழுக்குத் துணி. செய்தித்தாளில் சுற்றி. மீன் வாங்கி வருகிறவள் போலக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனதை எதிர்வீட்டு சமோவாக்காரி பார்த்திருக்கிறாள். வாய்க்கு ஆங்கிலம் வராதவள் டாக்டரிடம் என்ன பேசுவாள்? அதை விரித்துக் காட்டியிருப்பாள்.

என் அனுமதி கேட்கவில்லை. கிட்டியோனேயைக் கேட்டேன், "உன் பொண்டாட்டி எங்கடா?" என்று. "தெரியாது அத்தை" என்று தரையைப் பார்த்தான். பொய். சாயங்காலம் வேலை முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவளைத் திருப்பி அனுப்பவில்லை, படுக்கை கொடுத்திருக்கிறார்கள். ஏதேதோ சோதனை.

அவளுடைய பாய்களைச் சுருட்டி வராந்தாவில் போட்டுவிட்டேன். மழை பெய்கிறது. நனையட்டும்.

இதெல்லாம் நீ செய்தது.

மெலெனாயிட்டே

*

உயிஹா தீவு
5 செப்டம்பர் 1979

அக்கா,

நீங்கள் தம்பி என்று எழுதாவிட்டால் போகட்டும். நான் அக்கா என்றுதான் எழுதுவேன், அது உங்கள் இஷ்டத்தில் இல்லை.

ரேடியோவில் சிரித்தவன் யார் என்று கேட்டுப்பிடித்தேன். துறைமுகத்தில் கயிறு சுற்றுகிறவன். "உனக்குப் பிள்ளை இருக்கா?" என்றேன். "மூணு" என்றான். "மூணும் மஞ்சளாத்தான் போச்சா?" என்றேன். யோசித்தான். பிறகு சிரிக்கவில்லை. அன்று அந்த அறையில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் தங்கள் பேச்சை விட்டுவிட்டு எனக்காக மறுபடி மறுபடி இணைப்புக் கேட்டார்கள். நீங்கள்தான் எடுக்கவில்லை.

சேயினி துணியைச் சுற்றிக்கொண்டு போனாளா? அவள் போன திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன். வாயால் சொல்ல முடியாதவள் வேறு எதைக் கொண்டுபோவாள்? என் லோசேயின் துணியை நான் ஒரு நாளாவது சுற்றிக்கொண்டு படகேறியிருந்தால்! எடுத்துப்போகவில்லை. வெட்கம். ஆண்பிள்ளை அதைக் கையில் எடுப்பதா என்று. இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், அதே வெட்கத்தைத்தான் நீங்களும் கட்டிக் காக்கிறீர்கள்.

பாய் நனைந்தால் காயும். அது எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கோபம் என்னவென்றால், ஆங்கிலம் தெரிந்த நீங்கள் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறீர்கள், தெரியாதவள் டாக்டர்கள் நடுவில் தனியாக நிற்கிறாள். என் பேத்தியை அறுக்கப் போகிறோம் என்று அவர்கள் சொன்னால் அவளுக்கு யார் சொல்வது? காகிதத்தில் கையெழுத்துப் போடு என்றால் எதற்கு என்று யார் கேட்பது? அத்தைக்கு மேல் சொல் இல்லை என்றீர்களே, அந்தச் சொல்லைக் கொண்டுபோய் அங்கே பேசுங்கள்!

இன்று அறுபத்துநான்காம் நாள். தந்தி எதுவும் வரவில்லை. தினமும் படகு வரும்போது போய் நிற்கிறேன். ஃபெலேட்டி எடைத்தட்டை விட்டுவிட்டு என்கூட வந்து நிற்கிறான்.

நீங்கள் பெற்றதில்லை என்று எழுதியது தப்பு. அந்த ஒரு வரிக்கு மட்டும் மன்னிப்பு கேட்கிறேன். மற்ற எதற்கும் இல்லை.

பெனிசிமானி

*

மாங்கெரே
12 செப்டம்பர் 1979

தம்பி பெனிசிமானி,

தந்தி அடிக்க வேண்டாம் என்று கிட்டியோனேயிடம் சொன்னது நான். நிச்சயமாகத் தெரியாமல் என்னத்தைத் தந்தி அடிப்பது?

லோசேயைப் பற்றிய உன் கடிதம் முப்பத்தொன்றாம் தேதி காலை வந்தது. வாசித்தேன். அடுப்பை அணைக்காமல் போயிருக்கிறேன், எதிர்வீட்டுக்காரிதான் வந்து அணைத்தாளாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையை அறுக்க உள்ளே கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ஐம்பத்தொன்பதாம் நாள், நீ எண்ணுவாய் என்று சொல்கிறேன். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று சேயினிக்குச் சொன்னது அங்கே தரை துடைக்கும் ஒரு டோங்காப் பெண். தெரிந்துகொள், என் வீட்டுக் குழந்தைக்கு வாயாக இருந்தது துடைப்பத்தோடு வந்த ஒருத்தி.

சேயினி என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. நானும் எழுந்திரு என்று சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐந்து மணி நேரம்.

அங்கே வைத்து அவள் ஒன்று கேட்டாள். "அத்தை, அன்னிக்கு டாக்டர் கடைசியா என்னமோ சொன்னாரே, நீங்க எழுந்துட்டீங்க. என்ன சொன்னார்?"

தம்பி, அவர் சொன்னார். பச்சையும் மஞ்சளும் பரவாயில்லை, வெள்ளையோ ரத்தமோ கண்டால், அல்லது முதல் வாரம் போன பிறகு மறுபடி கறுப்பு கண்டால் உடனே ஓடி வாருங்கள் என்று சொன்னார். நான் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். காதில் விழுந்தது. மொழிபெயர்க்கவில்லை. நமக்கு ஏன் அது வரப்போகிறது என்று விட்டுவிட்டேன். அவளிடம் இதைச் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆனால் உன்னை நான் விடப்போவதில்லை. முப்பத்தொரு வருடம்! காய்ச்சல் என்றாயே! நான் அந்தக் குழந்தையின் தலைமாட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன், என் மடியில் ஒரு பொய்யை வைத்துவிட்டுப் போனாய். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், சேயினி வாளியில் முதல் வெள்ளைத் துணியைப் போட்ட அன்றே நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். எனக்குத் தெரியாமல் வைத்தது யார்? மரியாதை கொடுத்தாயாம். அந்த மரியாதை எனக்கு என்ன செய்தது என்று பார். இன்னொரு குழந்தையை அதே மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பொன் பொன் என்று கொஞ்ச வைத்தது. இனி உனக்கு என்ன தெரியுமோ அத்தனையையும் எனக்குச் சொல்ல வேண்டும், எந்தச் சொல்லானாலும். அக்காவின் உத்தரவு.

நான் பெற்றதில்லை. உண்மைதான். அறுபத்தேழு வயதில் இப்போதுதான் முதல்முறையாகத் துணி மாற்றக் கற்றுக்கொண்டேன். முதல் தடவை, துணியை மாட்டும் ஊசியைக் குழந்தை மேல் குத்திவிடுவேன் என்று சேயினி பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் பிடுங்கவில்லை.

ஈரலுக்கு நேராகக் குடலை இழுத்துத் தைத்திருக்கிறார்கள். வழி திறந்ததா இல்லையா என்பதை ஒன்றே ஒன்றுதான் சொல்லும் என்றார் டாக்டர். அது என்ன என்று உனக்குத் தெரியும். திறந்தாலும் எத்தனை வருடத்துக்கு என்று அவரால் சொல்ல முடியாதாம். அறுத்த பிறகு நான்காம் நாள் வெள்ளை. ஆறாம் நாள் வெள்ளை. எட்டாம் நாள் சாம்பல் போல. ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கிறேன். ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்கு என்னைக் கண்டால் பயம்.

நேற்று மத்தியானம், பதினோராம் நாள். திறந்தேன். பச்சை, தம்பி. மஞ்சள் ஓடிய பச்சை. சேறு போல, ஒரு உள்ளங்கை அளவு. நர்ஸ் வந்து எடுத்துப்போகப் பார்த்தாள், கையைத் தட்டிவிட்டேன். டாக்டர் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போன பிறகும் விடவில்லை. சேயினி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் என் தோளில் முட்டிக்கொண்டு நின்றாள்.

நாலரைக்குக் கிட்டியோனே தொழிற்சாலையிலிருந்து வந்தான். துணி விரிந்து கிடப்பதையும் நான் பக்கத்தில் நிற்பதையும் பார்த்தான். அத்தை நிற்கும் இடத்தில் அதைப் பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டான். நீ வளர்த்த பிள்ளை. போய் அவன் பிடரியைப் பிடித்தேன், கழுத்தை வளைத்துத் துணிக்கு நேராகக் கொண்டுவந்தேன்.

"கண்ணைத் திறடா. அத்தை சொல்றேன். திறந்து பாரு!"

திறந்தான்.

மெலெனாயிட்டே